நாலாக் கதவுக்கு ஒரு வெல்டிங் மிஷின்

அரசுப் பணத்தில் சிறு பொருள் வாங்க ஒரு விதி உண்டு. விலைப்புள்ளி கேட்க வேண்டாம், டெண்டர் வேண்டாம். பொருள் தரமானது, விற்பவர் நம்பத் தக்கவர், விலை நியாயமானது என்று தனக்குத் திருப்தி ஏற்பட்டிருப்பதாக வாங்குகிற அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நிதி விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மனிதனின் மனநிறைவைக் கோப்பில் இணைக்கச் சொல்கிற விதி வேறு ஏதும் எனக்குத் தெரியாது. போர்ட் பிளேயரில், ஸ்டோர்ஸ் பிரிவில், என் உத்தியோக காலம் முழுவதும் திருப்தி அடைந்த மனிதர்களின் நடுவேதான் கழிந்தது. சரக்கு கப்பலிலிருந்து இறங்கும் முன்பே திருப்தி அடைந்துவிட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஓய்வு பெற்றபின், சம்பந்தி வீட்டுத் தோட்ட வேலைக்காக ஒரு பழைய வெல்டிங் மிஷினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தபோது, இந்த விதியைத்தான் நான் பின்பற்றியிருக்க வேண்டும். போய்ப் பார்த்து, திருப்தி அடைந்து, வாங்கி முடித்திருக்கலாம். ஆனால் பிறர் உபயோகித்த பொருளைப் பார்த்தால் எனக்குத் திருப்தி லேசில் வருவதில்லை. எனவே பெரிய கொள்முதலுக்கான முறையைக் கையில் எடுத்தேன். தேவைக் குறிப்பு, தொழில்நுட்ப விவரம், மூன்று இடத்து விலை, ஒப்பீட்டு அறிக்கை.

"ஏங்க, இதுக்கும் டெண்டர் விடப் போறீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தவள் அல்ல.

சம்பந்தி என்றது என் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர். பிறந்தது இலங்கை மலைத் தோட்டத்து லயத்தில். வாலிப வயதில் கட்சால் தீவின் அரசு ரப்பர் தோட்டத்துக்கு வந்து, பால் வெட்டி, குடும்பம் வளர்த்தார். சுனாமியில் குவார்ட்டர்ஸ் போயிற்று. சில காலம் தகரக் கொட்டகை ஷெல்டரில் இருந்தார்கள். பிறகு அவர் மகன், அதாவது என் மருமகன், சாத்தம் ஜெட்டியில் படகேறிப் போகும் பாம்பூபிளாட்டுக்கு அப்பால், ஒரு நாலாவின் கரையில் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்தார். கடல் ஏறி இறங்கும் உப்போடையை இங்கே எல்லாரும் நாலா என்பார்கள்.

குத்தகை மலிவாக அமைந்ததற்குக் காரணம் இருந்தது. நிலநடுக்கத்தில் அந்தப் பக்கத்துத் தரை சற்று அமிழ்ந்துவிட்டது. முன்பு ஓடைக்குள்ளேயே நின்று திரும்பிப்போன கடல், இப்போது வயலுக்குள்ளும் பாத்தியதை கொண்டாடியது. நிவாரணக் காலத்தில் ஓர் இலாகா மண்கரை போட்டு, அதன் ஊடே ஒரு குழாயும், குழாயின் கடல் பக்க வாயில் ஓர் இரும்புக் கதவும் வைத்துக் கொடுத்தது. மேலே இரண்டு காதுகளில் தொங்குகிற கதவு. கடல் இறங்கும்போது உள்ளே நிற்கும் மழைத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது கடலே அதை அழுத்திச் சாத்திவிடும். யாரும் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். அரசாங்கம் செய்தவற்றில் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் தினமும் வேலை பார்த்த ஒன்றை நான் கண்டது அங்கேதான்.

சில மழைக்காலங்கள் மண்ணின் உப்பைக் கழுவின. அந்த வருடம்தான் சம்பந்தியம்மா ஊன்றிய வெண்டையும் பயறும் முதல் தடவையாக முனை கருகாமல் பச்சையாக நின்றன. அந்தச் சமயம் பார்த்துக் கதவின் ஒரு காது துருவேறி ஒடிந்தது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கை நுழையும் இடைவெளி விட்டுத் தொங்கியது. சாதாரண நாளில் கசிவு வாய்க்காலோடு நின்றது. அமாவாசை வந்தால் கடல் முழு உயரத்துக்கு ஏறும், மிச்சமிருக்கும் காதும் போகும், கதவும் போகும். வயலில் ஒரு தடவை உப்புத் தண்ணீர் நின்றுவிட்டால், மறுபடியும் அத்தனை மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்குக் காத்திருக்க மனமில்லை. "கட்சால்ல போனது போகட்டுங்கண்ணே, அது கடல் கொண்டு போனது. இது ஒரு துண்டு இரும்பு. இதுக்கும் நா குந்தி அழுவுறதா?" என்றார்.

பாம்பூபிளாட்டில் வெல்டர்கள் இல்லாமல் இல்லை. சுனாமிக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கட்டும் காண்டிராக்டர்கள் அவர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் வந்தார். கரைமேல் நின்று, கீழே சேற்றைப் பார்த்து, நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்த நாளை என்று கேட்டு வைக்காதது எங்கள் பிழை.

ஆனால் வெல்டர் எங்களிடமே ஒருவர் இருந்தார். ஷெல்டரில் இருந்த காலத்தில் ஒரு நிவாரண அமைப்பு தொழிற்பயிற்சி நடத்தியது. குடும்பத்துக்கு ஒருவர், பெண்களுக்கு முன்னுரிமை என்பது நிபந்தனை. சம்பந்தியம்மா தையலுக்குப் பெயர் கொடுத்தார். தையலில் இடம் நிரம்பிவிட்டது. வெல்டிங்கில் காலியிருந்தது. எதற்கும் போய் உட்காருவோம் என்று போனவர், கறுப்புக் கண்ணாடிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு கற்றுக்கொண்டு வந்துவிட்டார். அவர் வைக்கிற பற்று பார்வைக்கு அழகாக இருக்காது. ஈர மண்ணில் கோழி நடந்ததுபோல் இருக்கும். அது விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. சோதிப்பதற்கும் யாரும் முன்வந்ததில்லை. பயிற்சி கொடுத்தவர்கள் மிஷினைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே மிஷின் வாங்குவது என்று முடிவாயிற்று. கதவுக்காக மட்டுமல்ல. கடல் காற்றில் வேலிக் கம்பி, பம்பு ஸ்டாண்டு, டில்லர் கத்தி எல்லாமே முறை வைத்து ஒடிந்துகொண்டிருந்தன.

என் முதல் நடவடிக்கை, கரையும் கதவும் எந்த இலாகாவின் சொத்தோ அதற்கு ஒரு மனு எழுதியது. பிறர் சொத்தில் கை வைக்குமுன் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பந்தி அதைத் தடுக்கவில்லை. "எழுதிப் போடுங்க சம்பந்தி. அது ஒரு பக்கமா போகட்டும், நாம ஒரு பக்கமா போவோம்" என்றார்.

இரண்டாவது, சாத்தம் மரமில்லுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு யார்டு. கழித்துக் கட்டிய அரசுப் பொருள்கள் ஏலத்துக்காக அங்கே கிடந்தன. அவற்றுக்கு நடுவே, பாதி தார்ப்பாய் மூடி, எண்ணெயில் குளிர்கிற பழைய மாதிரி டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மிஷின் ஒன்று நின்றது. இரும்புச் சக்கரம், செம்புச் சுருள், தடித்த கைப்பிடி. எந்த வருடம் வாங்கியது, எப்போது எண்ணெய் மாற்றியது என்கிற வரலாறு முழுவதும் அட்டையில் கட்டித் தொங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் ஆயுளில் ஒரு வரி கூட விடுபடவில்லை.

யார்டு ஸ்டோர்கீப்பர் வங்காளி. என்னிடம் வேலை பார்த்தவர். "ஸாப், ஏ தோ ஹாத்தி ஹை" என்று சிரித்தார். யானை என்று அவர் எச்சரித்ததை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

சம்பந்தி அதன் வயிற்றில் தட்டிப் பார்த்தார். அவருக்கும் மோகம் பிறந்துவிட்டது. ரப்பர் பேக்டரியில் பெரிய ரோலர்களைப் பார்த்துப் பழகிய மனிதர். நகர்த்த முடிகிற எதையும் அவர் இயந்திரம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

"சரியான பாரம் சம்பந்தி! நாலு பேரு சேந்தாலும் தூக்க ஏலாது. பாரம் இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்து தொழில்நுட்ப விவரம் எழுதினேன். இந்தக் கலையில் ஒரு நுட்பம் உண்டு. விவரம் எழுதிவிட்டுப் பொருளைத் தேடுகிறவன் கத்துக்குட்டி. பொருளைப் பார்த்துவிட்டு, அது ஒன்றே பொருந்தும்படி விவரம் எழுதுவதுதான் முறை. செம்புச் சுருளாக இருக்க வேண்டும், எண்ணெய்க் குளிர்ச்சி வேண்டும், பராமரிப்பு வரலாறு வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது யார்டில் நின்ற யானையின் உருவப்படம் போலவே அது இருந்தது.

ஒப்பீட்டு அறிக்கைக்கு இன்னும் இரண்டு பெயர்கள் தேவைப்பட்டன. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடையில் ஒரு மிஷின் இருந்தது. மூடி கிடையாது, உள்ளே பல்லி குடியிருந்தது. மூன்றாவது நபர் எப்போதும் தோற்பதற்காகவே வருகிறவர் என்பதால் அதைக் குறித்துக்கொண்டேன். இன்னொன்று எங்கள் மின்னி பே பகுதியிலேயே கிடைத்தது. ஷெல்டர் வேலை முடித்து ஊர் திரும்பவிருந்த ஒரு ராமநாதபுரத்துக் காண்டிராக்டர், வாடகை வீட்டு வாசலில் தன் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிறிய இன்வெர்ட்டர் மிஷின். தோளில் மாட்டும் வார் வைத்த, வீட்டுக் கரண்டிலேயே ஓடுகிற, பிரயாணப் பெட்டி அளவு பொருள். பில் இல்லை, வரலாறு இல்லை. பெயர்ப்பலகையைச் சிமெண்டு மறைத்திருந்தது. "தகுதியில்லை" என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையோடு படகேறிப் போனேன். சம்பந்தியம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதும் கேட்டார். முடிவைப் படித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, வெல்டிங் வைக்கப் போறது யாரு?"

"நீங்கதான்."

"எங்க வச்சு?"

"கதவுகிட்ட."

"அந்த ஆனையக் கதவுகிட்ட யாரு கொண்டாறது? கரையோட அகலத்த பாத்தீங்களா? அதுமேல ஒரு ஆடு போனா எதிர இன்னொரு ஆடு வர ஏலாது."

சம்பந்தி எனக்குத் துணைக்கு வந்தார். "உருட்டிட்டுப் போவலாம்ல. சக்கரம் இருக்குதுல்ல."

"ஆமா, உருட்டுங்க. நாலாக்குள்ள உருட்டுங்க. மீனுக்கு வெல்டிங் வைப்போம்." பிறகு என்னைப் பார்த்து, "நம்ம வூட்டுக்கு வர்றது ஒத்தை லைன் கரண்டுண்ணே. ராத்திரியில பல்பே மண்ணெண்ணெ வௌக்கு மாதிரி எரியுது. அந்த மிஷினுக்கு அது பத்துமா?"

பத்தாது. அதற்கு இரண்டு லைன் வேண்டும். என் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மிஷின் நிற்கப்போகும் இடத்துக்கு மட்டும் கட்டம் இல்லை. அரசுக் கொள்முதலில் அது வழக்கமும் இல்லை. பொருள் ஸ்டோருக்கு வரும். ஸ்டோரில் தரை எப்போதும் சிமெண்டுத் தரை.

போதாததற்கு இன்னொரு சங்கதியும் இருந்தது. ஏலக் குழு எப்போது கூடும் என்று யார்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அமாவாசை எப்போது என்று சுவரில் தொங்கிய காலண்டரிலேயே போட்டிருந்தது.

மறுநாள் சம்பந்தியம்மாவே என்னோடு மின்னி பேவுக்கு வந்தார். தோட்டத்தில் பால் வெட்டப் போட்டிருந்த முழங்கால் பூட்ஸை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். காண்டிராக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க ஸார்! எனக்குத் தெரியும், திரும்பி வருவீங்கன்னு. சீஸ் பக்கா ஸார். பூரா ஷெல்டர் காமும் இதுலதான். அடுத்த ஜஹாஜ்ல மெயின்லேண்ட் கெளம்புறேன், இல்லாட்டி குடுப்பேனா?"

இங்கே சில வருடம் இருந்தால் பொருள் சீஸ் ஆகிவிடும், வேலை காம் ஆகிவிடும், கப்பல் ஜஹாஜ் ஆகிவிடும். அவர் ஒரு வெல்டிங் ராடு பற்ற வைத்துக் காட்டினார். நன்றாகவே எரிந்தது. எந்த மிஷினும் ஒரு ராடு வரைக்கும் நல்ல மிஷின்தான். வேலைக்கு வந்த முதல் நாள் எல்லாக் குமாஸ்தாக்களும் சுறுசுறுப்பாக இருப்பார்கள். "அடுத்தது வையுங்க" என்றேன். வைத்தார். "இன்னொண்ணு." அதையும் வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஸார், நீங்க மிஷின் வாங்க வந்தீங்களா, ஜஹாஜ் கட்ட வந்தீங்களா?"

அடுத்த ராடு பாதியில் அணைந்தது. மிஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ரெஸ்ட் எடுக்குது ஸார். சூடானா அதுவா நிக்கும், அதுவா வரும்."

"எவ்வளவு நேரத்துல வரும்?"

"அது அதோட மூடப் பொறுத்தது."

குனிந்து காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சத்தமே இல்லை. "ஃபேன் ஓடலையே."

"ஓடும் ஸார். சில நேரம் ஓடும்."

இவ்வளவு வெளிப்படையான குறை எனக்கு ஒருவித நிம்மதியைத் தந்தது. இத்தனை நேரம் குறையே தென்படாததுதான் உறுத்திக்கொண்டிருந்தது. நிராகரிக்கலாம் என்று வாயெடுத்தேன்.

"தள்ளுங்கண்ணே" என்றார் சம்பந்தியம்மா. பூட்ஸை மாட்டிக்கொண்டு, காண்டிராக்டர் கையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை வாங்கினார். விளக்கு அணையும்வரை காத்திருந்து, கீழே கிடந்த இரண்டு துண்டு ஆங்கிள் இரும்பைச் சேர்த்துப் பற்ற வைத்தார். கோழி நடந்தது. பிறகு சுத்தியலை எடுத்து அந்த இணைப்பின்மேல் தன் பலம் கொண்ட மட்டும் அடித்தார். விடவில்லை. மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். கடல் பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள், கடலை விட்டுவிட்டு அவரைப் பார்த்தன.

காண்டிராக்டர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "அக்காதான் வெல்டரா ஸார்? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நா உங்கள நெனச்சில்ல பயந்துட்டிருந்தேன்."

"இது நம்ம கூட வரும்ண்ணே" என்றார் சம்பந்தியம்மா.

"ஃபேன் ஓடலம்மா."

"நாம வீசிக்குவோம்."

ஓடாத ஃபேனைக் காட்டிப் பேசியதில் நீளமான கேபிளும், கறுப்புக் கண்ணாடியும், ஒரு பாக்கெட் ராடும் சேர்த்து வாங்கினேன். என் பங்குக்கு அவ்வளவாவது செய்ய முடிந்தது. புது ஃபேன் மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும் என்று கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தத் தீவில் கேட்டது இல்லையென்றால் எல்லாரும் சொல்லும் விலாசம் அது.

சாத்தம் ஜெட்டியில் சாமானுக்குத் தனி டிக்கெட் வாங்க நான் வரிசையில் நின்றேன். டிக்கெட் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார். சம்பந்தியம்மா பெஞ்சில் உட்கார்ந்து, மிஷினைத் துண்டால் போர்த்தி மடியில் வைத்திருந்தார். மடியில் இருப்பதற்கு டிக்கெட் கிடையாது என்று இந்தியில் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியாது. இல்லையென்று வாதாடவும் இல்லை.

இனி நாள் குறிக்க வேண்டும். இதில்தான் என் படிப்பு உதவிற்று. கதவு கடல் பக்கத்தில் இருக்கிறது; நன்றாக வற்றினால்தான் முழுவதும் வெளியே தெரியும். கரண்டோ, மின் நிலையத்து டீசல் தட்டுப்பாட்டினால், பகுதிக்குப் பகுதி முறை வைத்து நிறுத்தப்பட்டு வந்தது. கடல் ஏறி இறங்கும் அட்டவணையையும் மின்வெட்டு அட்டவணையையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டேன். கதவு வெளியே தெரியும் நேரத்தில் கரண்ட் இல்லை. கரண்ட் இருக்கும் நேரத்தில் கதவு தண்ணீருக்குள் இருந்தது. இரண்டு இலாகாக்களும் கலந்து பேசி வைத்த மாதிரி இருந்தது. கடைசியில், அமாவாசைக்குச் சற்று முன்னால், ஒரே ஒரு மத்தியானம் அகப்பட்டது. மூன்று மணிக்குக் கரண்ட் போகும். அதற்குள் முடிக்க வேண்டும்.

அந்த மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது, சம்பந்தியம்மா தோசைக்கல்லில் ராடுகளை வாட்டிக்கொண்டிருந்தார். இங்கத்திய காற்றில் ராடு ஈரம் குடித்துவிடும். குடித்த ராடு சீறுமே தவிர ஒட்டாது. "ஒங்களுக்கு ரெண்டு முறுகலாப் போடவாண்ணே?" என்றார்.

வீட்டிலிருந்து கேபிள் இழுத்தோம். புதிய காதுக்கு, பழைய ஷெல்டரிலிருந்து கழற்றிய ஆங்கிள் துண்டு. சேற்றில் பலகை போட்டு அதன்மேல் பூட்ஸோடு அவர் நின்றார். கதவைக் கயிற்றால் இழுத்து நிறுத்தி, துருவைச் சுரண்டியபடி சம்பந்தி கீழே நின்றார். கரைமேல் மிஷினின் பக்கத்தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். என் கையில் முறம். ஓய்வுபெற்ற அதிகாரி வெல்டிங் மிஷினுக்கு முறத்தால் விசிறுவதற்கு எந்த அரசாணையும் தடை விதிக்கவில்லை.

ஒரு ராடு, இரண்டு ராடு, மஞ்சள் விளக்கு. விசிறல். விளக்கு அணையும். மறுபடி ராடு.

"வேகமா வீசுங்க சம்பந்தி! அரிசி பொடைக்கிற மாதிரி வீசுறீங்களே" என்று கீழேயிருந்து சம்பந்தி கத்தினார்.

"மொதல்ல நீங்க கதவ நேராப் புடிங்க" என்றார் சம்பந்தியம்மா கண்ணாடிக்குள்ளிருந்து. "ஒடிஞ்சு தொங்குறப்பவே இதவிட நேரா தொங்குச்சு."

மிஷின் ஓய்வெடுத்த நேரமே அதிகமாக இருந்தது. நாலாவின் தண்ணீர் திரும்பிவிட்டது. பலகையின் நுனியை நக்கத் தொடங்கியது. என் கடிகாரத்தில் மூன்று ஆயிற்று. அப்போது புதிய காது ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருந்தது. மறுபக்கம் வெறுமனே சாய்த்து வைத்தபடி இருந்தது. இப்படியே விட்டால் முதல் ஏற்றத்திலேயே கையோடு வந்துவிடும்.

"மணி மூணு" என்றேன்.

ராடு எரிந்துகொண்டிருந்தது.

"மூணு தாண்டிருச்சு."

"அண்ணே, ஒங்க கடியாரம் ஓடுதா, இல்ல அதுவும் ஃபேன் மாதிரியா?"

"கடியாரம் சரியா இருக்கும்மா. அவங்க லேட்டு."

"லேட்டாவே இருக்கட்டும். அந்த மகராசன் நல்லா இருக்கணும்."

தாமதமாக வந்தவர்களுக்கு மெமோ கொடுத்தே வயதானவன் நான். விளக்கம் கேட்டிருக்கிறேன், விளக்கத்துக்கு மேல் விளக்கம் கேட்டிருக்கிறேன். அன்று முறத்தை வீசிக்கொண்டே, எங்கோ ஒரு மின் நிலையத்தில் சுவிட்சை இறக்க வேண்டிய முகம் தெரியாத ஊழியர் ஒருவர் இன்னொரு டீ சொல்ல வேண்டும், டீ ஆறிப்போய் அதை மாற்றித் தரச் சொல்ல வேண்டும், கூட இருப்பவர் வீட்டுக் கதையை ஆரம்பிக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அரிசி புடைப்பதை விட்டுவிட்டு, தீயை அணைப்பவன் மாதிரி வீசினேன். விளக்கு அணைந்தது. சம்பந்தியம்மாவின் பூட்ஸ் பாதி மூழ்கியிருந்தது.

கடைசிப் பற்றின்மேல் இருந்த கசடை அவர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. அந்த ஊழியர் தன் கடமையை இதைவிடச் சரியாக எந்த நாளும் செய்திருக்க மாட்டார்.

அமாவாசையன்று காலை நானும் அங்கே போயிருந்தேன். கடல் ஏறியது. கதவு மெல்ல அசைந்து, ஒட்டி, சாத்திக்கொண்டது. வெளியே தண்ணீர் ஒரு முழம், இன்னொரு முழம் என்று ஏறி, கரையின் தோள் வரை வந்து நின்றது. சம்பந்தி கரைமேல் நின்று, தானே கடலை நிறுத்தியவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா கடலையும் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை. வெண்டைப் பாத்தியில் குனிந்து, வேரடி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"மண்ணுதான்" என்றார். "உப்பு இல்ல."

அந்தப் பருவம் முழுவதும் வெண்டை காய்த்தது. எங்கள் வீட்டுக்கும் படகில் வந்துகொண்டே இருந்தது. என் மனைவி ஒரு கட்டத்தில் வெண்டைக்காய்க்கு டெண்டர் விட முடியுமா என்று கேட்டாள். மழை பிடித்தது, கதவு தள்ளித் தள்ளித் தண்ணீரை வெளியே விட்டது. மிஷினுக்கு மெயின்லேண்ட் ஃபேன் வந்து, அது டில்லர் கத்திக்கும் வேலிக்கும் ஓடியது. அக்கம்பக்கத்தார் தங்கள் இரும்புகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். சம்பந்தி அவர்களை உட்கார வைத்து, பாரமான மிஷினின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இலாகாவுக்கு எழுதிய மனுவுக்கு ஒரு நினைவூட்டல் போட்டேன். நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல் போட்டேன். வேலை முடிந்துவிட்டதே, மனுவைத் திரும்பப் பெற்றால் என்ன என்று மருமகன் கேட்டார். நிலுவையில் உள்ள மனுவைத் திரும்பப் பெறுவதற்கு, அது முதலில் யாரிடம் நிலுவையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மழை ஓய்ந்து, அடுத்த வெள்ளாமைக்குச் சம்பந்தியம்மா பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது இலாகாவின் பதில் வந்தது; அதை எடுத்துக்கொண்டு போய், கரைமேல் நின்று இருவருக்கும் படித்துக் காட்டினேன். குறிப்பிட்ட இடத்தைச் சம்பந்தப்பட்ட அலுவலர் நேரில் சென்று பார்வையிட்டதாகவும், கதவும் அதன் காதுகளும் நல்ல நிலையில் இருப்பதாகவும், ஆகவே மேல் நடவடிக்கை ஏதும் தேவைப்படாததால் மனு முடித்து வைக்கப்படுவதாகவும் அதில் இருந்தது. இந்த வாக்கியத்தை என் சர்வீஸில் எத்தனையோ கோப்புகளில் படித்திருக்கிறேன். எழுதப்பட்டது உண்மையாகவும் இருந்தது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான்.

சம்பந்தியம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"நேர்ல வந்து பாத்தாங்களா? எப்பண்ணே? எங்க நாய்கூடக் கொரைக்கலையே."

"கடுதாசில நாயப் பத்தி ஏதும் போட்டிருக்கா சம்பந்தி?" என்று சம்பந்தி கேட்டார்.

நாயைப் பற்றி ஒன்றும் இல்லை. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, பார்வையிட்ட தேதிக்கான இடம் காலியாக இருந்தது. அதில் படிக்க முடிந்த ஒரே தேதி, வழக்கப்படி, பெறப்பட்ட நாளென்று நான் பேனாவால் குறித்து வைத்ததுதான்: நவம்பர் பத்தொன்பது.